அம்மாவின் ஆழாக்கு எத்தனை கிராம்?

(தஞ்சாவூரில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

மேசைமேல் என்ன இருக்கிறது என்று முன்வரிசையில் உள்ளவர்கள் எட்டிப் பார்க்கிறீர்கள். ஓர் எவர்சில்வர் டம்ளர், தட்டில் கொஞ்சம் பச்சரிசி, ஒரு செம்பில் தண்ணீர், பேட்டரியில் ஓடும் சின்னத் தராசு. முதலில் ஒன்றைச் செய்து காட்டிவிடுகிறேன்.

டம்ளரில் அரிசியைப் போட்டுத் தலைதட்டிவிட்டேன். நிறைந்துவிட்டதா? நிறைந்துவிட்டது என்கிறீர்கள். இப்போது அதே டம்ளரில் தண்ணீர் ஊற்றுகிறேன். பாருங்கள், வழியவில்லை. இன்னும் ஊற்றுகிறேன். இன்னும் உள்ளே இறங்குகிறது. இப்போதுதான் விளிம்பைத் தொட்டது. இந்த டம்ளர் 200 மில்லி பிடிக்கும். உள்ளே போன தண்ணீர் 90 மில்லிக்குப் பக்கம். நிறைந்துவிட்டது என்று நாம் எல்லோரும் ஒப்புக்கொண்ட டம்ளரில், பாதிக்குச் சற்றே குறைந்த இடத்தில் காற்றுதான் இருந்தது.

30 ஆண்டுகளுக்கு மேல் மனையியல் சொல்லிக்கொடுத்தவள் நான். இந்தக் காற்றைப் பற்றி ஒவ்வோர் ஆண்டும் மாணவிகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது என் தாயார் காலமான பிறகுதான் எனக்கே உறைத்தது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

மொண்டு அளப்பதை முகத்தல் என்றும் தராசில் வைப்பதை நிறுத்தல் என்றும் தமிழ் சொல்கிறது. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் அளவுப் பெயரும் நிறைப் பெயரும் ஒன்றாகப் பேசப்படுகின்றன. அவை எந்த எழுத்துகளில் தொடங்கும் என்று 9 எழுத்துகளை எண்ணிக் காட்டியிருக்கிறார்கள். சேர்த்துப் பேசினாலும் அளவு வேறு, நிறை வேறு என்பதில் அங்கே மயக்கம் கிடையாது. மயக்கம் நம் அடுப்படியில்தான். தண்ணீருக்கு 1 மில்லி 1 கிராம் என்ற கணக்கு சின்ன வயதிலேயே மனத்தில் பதிந்துவிட்டது. அதைத் தூக்கி அரிசிக்கும் போடுகிறோம், மாவுக்கும் போடுகிறோம், நெய்க்கும் போடுகிறோம்.

இந்த 200 மில்லி டம்ளரையே எடுத்துக்கொள்வோம். பால் ஊற்றினால் 206 கிராம். தண்ணீரிலிருந்து அதிகம் விலகவில்லை. நல்லெண்ணெய் 184 கிராம்தான். எண்ணெய் மிதக்கிறதே, அதுவே சாட்சி. வீட்டில் இருக்கும் எண்ணெய்ப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்: 1 லிட்டர் என்று அச்சிட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே 910 கிராம் என்றும் இருக்கும். அந்தச் சின்ன எழுத்தைப் படிக்காமலே வாழ்நாள் முழுக்க எண்ணெய் வாங்கியவர்கள் நம்மில் எத்தனையோ பேர். பச்சரிசி இதே டம்ளரில் 160 கிராம் வரும். சர்க்கரை 170. தூள் உப்பு 240. சலித்த கடலைமாவு 85க்குள் நின்றுவிடும். பொரி 20 கிராமைக்கூட எட்டாது. டம்ளர் ஒன்றுதான். உப்பைப் போட்டால் ஒரு கனம், பொரியைப் போட்டால் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இதில் என்னைக் கவர்ந்த ஒன்று உண்டு. உப்புக் கல்லை இடைவெளியே இல்லாமல் அடைக்க முடிந்தால் 1 கன சென்டிமீட்டருக்கு 2.16 கிராம் இருக்கும். சர்க்கரைப் படிகம் 1.59. அரிசி மணி சுமார் 1.45. மூன்றும் வெவ்வேறு கனம். ஆனால் டம்ளரில் கொட்டித் தலைதட்டினால், மூன்றுமே பாத்திரத்தில் பாதிக்குச் சற்று மேலான இடத்தைத்தான் பிடிக்கின்றன. மிச்சம் காற்று. உருண்டைகளை எவ்வளவு நெருக்கி அடுக்கலாம் என்று கெப்ளர் 1611இல் ஒரு கணிப்புச் சொன்னார். சந்தையில் ஆரஞ்சு அடுக்குகிறார்களே, அந்த அடுக்குதான் உச்சம், நூற்றுக்கு 74 பங்குக்கு மேல் முடியாது என்றார். அதற்கான நிரூபணத்தைத் தாமஸ் ஹேல்ஸ் அறிவித்தது 1998இல். 387 ஆண்டு காத்திருந்த கணக்கு அது. அப்படிப் பார்த்துப் பார்த்து அடுக்காமல் சும்மா கொட்டிக் குலுக்கினால் உருண்டைகள் 64 பங்கு வரை நெருங்கும். குலுக்காத அரிசி அதற்கும் கீழே நின்றுவிடுகிறது. குலுக்கினால் இறங்குகிறது, தட்டினால் இன்னும் இறங்குகிறது. நெல் வியாபாரம் பார்த்த குடும்பத்தினர் இங்கே இருப்பீர்கள். மரக்காலைத் தட்டி அளந்தாரா, தட்டாமல் அளந்தாரா என்பதற்காகக் களத்தில் குரல் உயர்ந்ததைக் கேட்டிருப்பீர்கள்.

மாவு இன்னும் மோசம். மைதா டம்ளரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே மட்டுமே மாவு, மிச்சமெல்லாம் காற்று. அதனால் கை மாறினால் எடை மாறுகிறது. வகுப்பில் ஒரே கப், ஒரே மைதா டப்பா, ஒரே தராசு வைத்து மாணவிகளை ஒவ்வொருவராக அளக்கச் சொல்வேன். கரண்டியால் மெல்ல எடுத்துப் போட்டுத் தலைதட்டிய பெண்ணுக்கு 120 கிராம் வரும். கப்பை டப்பாவுக்குள் அமுக்கி அள்ளியவளுக்கு 145க்கு மேலே போகும். இரண்டு பேருமே "ஒரு கப் போட்டேன் மிஸ்" என்பார்கள். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஒருத்தியின் கேக் பொங்கி வரும், இன்னொருத்தியுடையது வறண்டு வெடிக்கும். கைராசி என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி இந்த 25 கிராம்தான் என்பது என் திடமான எண்ணம்.

அதற்காக நம் பெண்கள் அளவு தெரியாமல் சமைத்தார்கள் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். அவர்கள் விகிதத்தில் சமைத்தார்கள். இட்லிக்கு நாலுக்கு ஒன்று, அடைக்கு இத்தனைக்கு இத்தனை. டம்ளரால் அளந்தாலும் சரி, பழைய டால்டா டப்பாவால் அளந்தாலும் சரி, எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தால் அளக்கும்வரை விகிதம் காப்பாற்றிவிடும். யாழ்ப்பாணத்தில் சுண்டு என்ற அளவையால் அளந்தவர்களுக்கும் அதே காப்பு. இட்லிக்கு இன்னொரு வசதியும் உண்டு. அரிசியும் முழு உளுந்தும் டம்ளருக்கு ஏறக்குறைய ஒரே எடை. நாலு டம்ளருக்கு ஒரு டம்ளரை நாலு கிலோவுக்கு ஒரு கிலோ என்று மாற்றினாலும் மாவு கெட்டுப்போகாது. இப்படிச் சில பண்டங்களில் தப்பித்துவிடுகிறோம். அந்தத் துணிச்சலில் எல்லாவற்றையும் அப்படியே மாற்றிவிடுகிறோம். அங்கேதான் இடறுகிறது.

நான் இடறிய இடத்தைச் சொல்கிறேன். ஏழு கப் கேக் உங்கள் எல்லோருக்கும் தெரியும். கடலைமாவு ஒன்று, தேங்காய்த் துருவல் ஒன்று, பால் ஒன்று, நெய் ஒன்று, சர்க்கரை மூன்று, ஆக ஏழு. தன் அளவையே பெயராக வைத்திருக்கும் பண்டம் அது. என் தங்கை மகள் நிச்சயதார்த்தத்துக்குச் சமையல்காரர் கேட்டார், "டீச்சர், உங்க வீட்டு ஏழு கப்பையே போட்டுடலாம், அளவு மட்டும் சொல்லுங்க." நான் சொன்னேன், "எல்லாம் ஒண்ணுக்கு ஒண்ணு. சர்க்கரை மட்டும் மூணு." அவ்வளவுதான் சொன்னேன். அவர் பெரிய சமையல்காரர். நூறு பேருக்கும் ஆயிரம் பேருக்கும் கிலோவில்தான் யோசிப்பார். கடலைமாவு 1 கிலோ, துருவல் 1 கிலோ, பால் 1 லிட்டர், நெய் 1 கிலோ, சர்க்கரை 3 கிலோ என்று எடுத்துவிட்டார்.

உருளி அடுப்பில் ஏறிக் கொஞ்ச நேரத்திலேயே கரண்டி நகரவில்லை. களி மாதிரி இறுகி, பச்சை மாவு வாசனையோடு நின்றது. அவர் என்னைப் பார்த்தார். குற்றம் என்னுடையது என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனால் எங்கே என்று தெரியவில்லை. இரவு வீட்டுக்கு வந்து 240 மில்லி கப்பையும் தராசையும் எடுத்துவைத்து உட்கார்ந்தேன். கடலைமாவு சலித்தது ஒரு கப் 100 கிராம். பால் 247. நெய் 218. துருவல் அமுக்காமல் 80. சர்க்கரை 200. அப்படியானால் 1 கிலோ கடலைமாவு என்பது 10 கப் மாவு. அதற்கு 10 கப் பால் வேண்டும், அவர் ஊற்றியது 4 கப். 10 கப் நெய் வேண்டும், அவர் விட்டது நாலரைக் கப். 30 கப் சர்க்கரைக்குப் பதில் 15. சரியான கணக்கு என்ன தெரியுமா? 1 கிலோ கடலைமாவுக்கு 2 லிட்டர் 400 மில்லி பால், 2 கிலோ 200 கிராம் நெய், 800 கிராம் துருவல், 6 கிலோ சர்க்கரை. ஒன்றுக்கு ஒன்று என்று நான் சொன்னது கப்புக்குத்தான் உண்மை. தராசில் அது அப்பட்டமான பொய்யாகிவிட்டது.

மைசூர்பாகும் இப்படித்தான். ஒன்று, இரண்டு, இரண்டு என்று கப்பால் சொல்வதை எடையாக்கினால் ஏறக்குறைய ஒன்று, நாலு, நாலு ஆகிவிடுகிறது. மாவு வரும் எந்தப் பண்டத்திலும் இந்த எச்சரிக்கை வேண்டும்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்குத் தெரியும். ராஜராஜன் காலத்தில் இந்தக் கோயிலில் பொன் நிறுத்த கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர். நெல் அளந்த மரக்காலுக்கும் ஆடவல்லான் என்றே பெயர். நவமணிகளை நிறுக்கத் தட்சிணமேருவிடங்கன் என்று தனிக் கல். நடராஜப் பெருமானின் பெயரை நிறைகல்லுக்கும் வைத்து, மரக்காலுக்கும் வைத்து, அந்த மரக்கால் ராஜகேசரி மரக்காலோடு ஒத்தது என்று கல்லில் வெட்டியும் வைத்தார்கள். எந்த மரக்காலால் அளந்தது என்று சொல்லாவிட்டால், இத்தனை கலம் நெல் என்ற எண்ணுக்கு அர்த்தமே இல்லை. அதை அவர்கள் அறிந்திருந்தார்கள். இன்று நாம் "ஒரு கப்" என்று மட்டும் எழுதுகிறோம். எந்தக் கப்?

சோழர் கல்வெட்டுகளில் இன்னொரு கணக்கு அடிக்கடி வரும். ஐந்துக்கு இரண்டு. ஐந்து பங்கு நெல் அளந்தால் இரண்டு பங்கு அரிசி தர வேண்டும் என்ற வாய்பாடு. முகத்தலிலிருந்து முகத்தலுக்கு. இது நியாயமான கணக்குத்தானா என்று எனக்கு ஒரு நாள் தோன்றியது. தராசை வைத்துப் போட்டுப் பார்த்தேன். உமியோடு இருக்கிற நெல் லிட்டருக்கு 570 கிராம் போல இருக்கும். 5 லிட்டர் நெல் 2 கிலோ 850 கிராம். அரிசி லிட்டருக்கு 800 என்றால் 2 லிட்டர் 1 கிலோ 600. அப்படியானால் நூறு கிலோ நெல்லுக்கு 56 கிலோ அரிசி. இன்றைய ஆலையில் 65 கிலோவுக்கு மேல் எடுக்கிறார்கள். உலக்கையால் குற்றி, நொய் தள்ளி, தவிடு போகத் தீட்டிய அரிசி 56 வருவது பொருத்தமாகவே எனக்குப் படுகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய வாய்பாடு ஒன்று என் சமையலறைத் தராசில் கணக்குச் சரியாக நின்றதைப் பார்த்த அன்று எனக்கு மெய்சிலிர்த்தது.

பழைய வாய்பாட்டில் 360 நெல் ஒரு செவிடு, 5 செவிடு ஒரு ஆழாக்கு, 2 ஆழாக்கு ஒரு உழக்கு, 2 உழக்கு ஒரு உரி, 2 உரி ஒரு நாழி, 8 நாழி ஒரு குறுணி என்று ஏறிக்கொண்டே போகும். நெல்லை எண்ணித் தொடங்குவது அழகுதான். ஆனால் எந்த நெல்? சீரகச் சம்பாவில் 360 எண்ணினால் உள்ளங்கையின் குழி நிறையாது. மோட்டா நெல்லில் எண்ணினால் நிறைந்துவிடும். அதனால்தான் ஊருக்கு ஒரு படி வந்தது. சின்னப் படி, பெரிய படி, பட்டணம் படி. அளக்கும் விதமும் ஊருக்கு ஊர் வேறு. களத்தில் மரக்காலைப் போடுகிறவர் "ஒன்று" என்று தொடங்காமல் "லாபம்" என்று தொடங்குவார். காதுக்கு இனிமையான வழக்கம் அது. ஆனால் மரக்காலின் தலையில் கூம்பாக நிற்கும் நெல் யாருக்கு என்பதில் இனிமை குறைவு. அந்தக் கூம்பில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரண்டு பாத்திரமும் ஒரே அளவு பிடிக்கும், ஒன்றின் வாய் மட்டும் இரு மடங்கு அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைதட்டினால் இரண்டும் சமம். குவித்து அளந்தால் அகல வாய்ப் பாத்திரத்தின் கூம்பு எட்டு மடங்கு பெரிது. படியின் வாயைக் கொஞ்சம் அகட்டி அடித்துவிட்டால் போதும், வாங்குகிறவருக்கு லாபம், கொடுக்கிற விவசாயிக்கு நஷ்டம். தலைதட்டி அளப்பது என்பது ஒரு நீதி. அதை நான் லேசாகச் சொல்லவில்லை.

1956இல் மெட்ரிக் சட்டம் வந்தது. 1958 அக்டோபரில் எடைக் கற்கள் மாறத் தொடங்கின. சட்டம் மாறிய வேகத்தில் நாக்கு மாறவில்லை. 1967 தேர்தலில் தி.மு.க. மக்களுக்குச் சொன்ன வாக்குறுதியை நினைத்துப் பாருங்கள்: ரூபாய்க்கு மூன்று படி அரிசி. கிலோ சட்டமாகிப் பத்து ஆண்டு ஆன பிறகும், வயிறு படியில்தான் பேசியது.

அந்த இடைக்காலத்தில் எழுதப்பட்டவைதான் நம் வீடுகளின் சமையல் நோட்டுகள். எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் வெளிவந்தது; மெட்ரிக்குக்கு முந்திய நூல். கல்யாணமாகிப் போகும் பெண்ணின் பெட்டியில் அதை வைத்து அனுப்பிய காலம் உண்டு. அந்தத் தலைமுறைப் பெண்களின் கையெழுத்து நோட்டுகளில் ஆழாக்கும் பலமும் வீசையும் கலந்து வரும். என் அம்மா நோட்டும் அப்படித்தான்.

இப்போது அந்தக் கதைக்கு வருகிறேன். அம்மா போன பிறகு வீட்டைக் காலி செய்தோம். பரணிலிருந்த பித்தளைப் பாத்திரங்களை எல்லாம் இறக்கி, ஆளுக்கு ஒன்றிரண்டு எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டோம். அந்த மிச்சத்தில் அம்மாவின் ஆழாக்கும் போனது. அடியில் ஒரு நசுங்கல் இருக்கும். அரிசிப் பானைக்குள்ளேயே கிடக்கும். நாற்பது ஆண்டுக்கு மேல் அந்த வீட்டின் ஒவ்வொரு வேளைச் சோற்றையும் அளந்தது அதுதான். கடைக்காரர் தராசில் வைத்து, பித்தளை இத்தனை கிராம் என்று குறித்துக்கொண்டார். அது எவ்வளவு பிடிக்கும் என்று நாங்கள் யாரும் குறித்துக்கொள்ளவில்லை. மனையியல் படித்த நானும் குறித்துக்கொள்ளவில்லை.

தீபாவளி வந்தது. அதிரசம் செய்யலாம் என்று நோட்டைப் பிரித்தேன். "பச்சரிசி 4 ஆழாக்கு, வெல்லம் 15 பலம்" என்று இருந்தது. பலம் பிரச்சினையில்லை. 1 பலம் 35 கிராம், 40 பலம் ஒரு வீசை, வீசை 1 கிலோ 400. ஆகவே வெல்லம் 525 கிராம். ஆழாக்கு? ஒரு கணக்கில் ஆழாக்கு 168 மில்லி. சென்னை மாகாணத்துப் படியை எட்டாகப் பகுத்தால் 200 மில்லியைத் தாண்டும். 168 என்றால் 4 ஆழாக்கு அரிசி 540 கிராம். அரிசியும் வெல்லமும் ஏறக்குறைய சமம். 205 என்றால் அரிசி 655 கிராம். கிலோ அரிசிக்கு முக்கால் கிலோவுக்குச் சற்று மேலே வெல்லம். இவை இரண்டும் வேறு வேறு அதிரசம். முதலாவது எண்ணெயில் போட்டதும் பிரிந்து போகும் அபாயம் உள்ளது. இரண்டாவது நின்று வேகும்.

விகிதம் காப்பாற்றும் என்று சற்று முன் சொன்னேன் அல்லவா? எல்லாம் ஒரே பாத்திரத்தில் இருந்தால்தான். அரிசி ஆழாக்கில், வெல்லம் பலத்தில், தேங்காய் மூடிக் கணக்கில், புளி எலுமிச்சங்காய் அளவு என்று முகத்தலும் நிறுத்தலும் எண்ணலும் கலந்துவிட்டால், பாத்திரம் தொலைந்த அன்று சமையல் குறிப்பும் தொலைந்தது. எழுத்து அப்படியே இருக்கிறது. பொருள் போய்விட்டது.

இரண்டு விதமாகவும் செய்தேன். சித்தியிடம் கொண்டுபோனேன். அவருக்கு அப்போது 80 வயது. முதலாவதைக் கடித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவதைக் கடித்தார். "இதுதாண்டி அக்கா கை" என்றார். சித்தியின் நாக்கை வைத்து அம்மாவின் ஆழாக்கு 200 மில்லிக்கு மேல் என்று முடிவுகட்டியிருக்கிறேன். அது 205ஆ, 210ஆ என்று இனி எந்த நாக்காலும் சொல்ல முடியாது.

அதனால்தான் நிறுக்கச் சொல்கிறேன். வழி மிகச் சுலபம். எந்தப் பாத்திரத்தால் அளக்கிறீர்களோ, அதைக் காலியாகத் தராசில் வைத்து, எண்ணைச் சுழியாக்கும் பொத்தானை அழுத்துங்கள். விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். வரும் கிராம்தான் அதன் கொள்ளளவு மில்லியில். பிறகு துடைத்துக் காயவைத்து, நீங்கள் வழக்கமாக எப்படி அரிசி எடுப்பீர்களோ அப்படியே எடுத்து நிறுங்கள். உங்கள் கையை மாற்றாதீர்கள். உங்கள் கைதான் வேண்டும். மூன்று முறை எடுத்து, நடுவாக வருவதை எழுதுங்கள். உளுந்து, துவரம்பருப்பு, ரவை, கடலைமாவு, அரிசிமாவு, சர்க்கரை என்று அடுத்தடுத்து. வெல்லத்தை மட்டும் கப்பால் அளக்கவே வேண்டாம். அச்சு வெல்லத்தை உடைத்துக் கப்பில் போட்டால் ஒரு எடை, பொடித்துப் போட்டால் ஒரு எடை, அமுக்கினால் இன்னொரு எடை. நம் பாட்டிகள் வெல்லத்தைப் பலத்தில் எழுதியது காரணத்தோடுதான். சோழர் காலத்துக் கோயில் கல்வெட்டுகளிலும் அரிசியும் நெய்யும் நாழியிலும் ஆழாக்கிலும் வர, சர்க்கரை பலத்தில் வருவதைப் பார்க்கலாம்.

புத்தகத்தில் அச்சிட்ட மாற்றுப் பட்டியல் உதவாதா என்று கேட்பீர்கள். எந்தக் கப்புக்கு எழுதிய பட்டியல் என்று முதலில் பாருங்கள். அமெரிக்கக் கப் 237 மில்லி. ஆஸ்திரேலியாவில் 250. ஜப்பானில் 200, மின்சார ரைஸ் குக்கரோடு வரும் சின்னக் கப் 180. டேபிள்ஸ்பூன் நமக்கு 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. பாஸ்டன் நகரத்துச் சமையல் பள்ளியிலிருந்து ஃபேனி ஃபார்மர் 1896இல் எழுதிய நூல், கப்பையும் கரண்டியையும் தலைதட்டித்தான் அளக்க வேண்டும் என்று அமெரிக்க வீடுகளுக்குப் பழக்கியது. நல்ல காரியம். ஆனால் காற்றைத் தலைதட்ட முடியாதே. சிகாகோவிலிருந்து மகள் போனில் "ஒரு கப்னா எவ்வளவும்மா?" என்று கேட்கும்போது, அவள் கையில் இருப்பது வேறு கப், நீங்கள் காட்டுவது டம்ளர். கிராமில் சொன்னால் மட்டும்தான் அது அங்கே அப்படியே போய்ச் சேரும்.

எல்லாவற்றையும் தராசுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பவள் அல்ல நான். பெருங்காயம், சமையல் சோடா, ஏலக்காய்ப் பொடி போன்றவற்றைக் கரண்டியிலேயே விட்டுவிடுங்கள். வீட்டுத் தராசு 1 கிராம் கணக்கில் காட்டுவது. 2 கிராம் சோடாவை அதில் நம்பக் கூடாது. ஊறிய அரிசியையும் நிறுக்காதீர்கள். ஊறியதில் எடை கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை கூடிவிடும், அதுவும் எவ்வளவு வடித்தோம் என்பதைப் பொறுத்தது. அதிரசத்துக்கும் இட்லிக்கும் ஊறப்போடுவதற்கு முன்பே நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். உப்பில் ஒரு கவனம்: கல்லுப்பை அளந்த கரண்டியால் தூள் உப்பை அளந்தால் கூடிப்போகும், கல்லுக்கு இடையில் இருக்கிற காற்று தூளில் குறைவு. ஊறுகாய்க்கு உப்பை எப்போதும் எடையில் போடுங்கள். அங்கே உப்புக் குறைந்தால் ருசி மட்டும் போவதில்லை, ஜாடியே கெட்டுப்போகும். புளிக்கு? எலுமிச்சங்காய் அளவு என்று சொல்லும் அம்மாவிடம், ஒரு தடவை உருட்டிக் காட்டச் சொல்லி அந்த உருண்டையை நிறுத்துக்கொள்ளுங்கள். எந்த எலுமிச்சங்காய் என்ற சண்டை அதோடு தீர்ந்தது.

இங்கே வந்திருக்கும் பலருக்கு அம்மா இருக்கிறார்கள், மாமியார் இருக்கிறார்கள், அத்தை, பெரியம்மா இருக்கிறார்கள். அவர்கள் அரிசிப் பானைக்குள் ஒரு டம்ளரோ உழக்கோ கிடக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துத் தண்ணீர் ஊற்றி நிறுங்கள். வரும் எண்ணை அவர்கள் சமையல் நோட்டின் முதல் பக்கத்தில், தேதி போட்டு, இன்னார் வீட்டு உழக்கு என்று எழுதிவையுங்கள். தராசு இல்லாதவர்கள் என் தராசை வாங்கிக்கொண்டு போகலாம், மேசைமேலேயே விட்டுவைக்கிறேன்.